ஐபிஎல் பயோ பபுள் 2020, 2021: சேலத்திலிருந்து ஒரு மதிப்பீடு

கொரோனா தொற்றுக் காலத்தில் ஐபிஎல் நிர்வாகம் அமைத்த பயோ பபுள் ஏற்பாட்டை, அதாவது வீரர்களை வெளியுலகத் தொடர்பில்லாமல் பாதுகாப்பு வளையத்துக்குள் வைத்திருந்த முறையை, இரண்டு பருவங்களையும் சேலத்தில் தொலைக்காட்சி முன் அமர்ந்து பார்த்த ரசிகனாக மதிப்பிடுகிறேன். 2020-இல் ஆட்டங்கள் முழுவதும் ஐக்கிய அரபு அமீரகத்தின் மூன்று மைதானங்களிலேயே நடந்ததால், அணிகள் பேருந்திலேயே சென்றுவர முடிந்தது. சென்னை அணியின் முகாமில் தொடக்கத்திலேயே 13 பேருக்குத் தொற்று தென்பட்டபோதும் தொடர் தடைபடவில்லை.

2021 ஏப்ரலில் அதே ஏற்பாடு இந்தியாவுக்கு வந்தபோதுதான் ஓட்டை விழுந்தது. எந்த அணிக்கும் சொந்த மைதானம் இல்லை என்று விதித்த நிர்வாகம், சென்னையிலும் மும்பையிலும் ஆடிய அணிகளை டெல்லிக்கும் அகமதாபாதுக்கும் விமானத்தில் அனுப்பியது. மே 3 அன்று கொல்கத்தா அணியில் இருவருக்குத் தொற்று உறுதியாக, மறுநாளே 29 ஆட்டங்களோடு தொடர் நின்றது. மருத்துவமனைப் படுக்கைக்கு ஊரே அலைந்துகொண்டிருந்த நாட்களில் அது இங்கே பெரிய இழப்பாகப் படவில்லை என்பது வேறு விஷயம்.

செப்டம்பரில் மீதி ஆட்டங்களுக்காக மீண்டும் அமீரகம். ஹைதராபாத் அணியின் வேகப்பந்து வீச்சாளரான எங்கள் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு 22-ஆம் தேதி தொற்று உறுதியானதும், அவரையும் நெருங்கிப் பழகிய ஆறு பேரையும் தனிமைப்படுத்தி, மற்றவர்களை அதிகாலையிலேயே பரிசோதித்து, அன்றிரவே ஹைதராபாத், டெல்லி அணிகளின் ஆட்டத்தை நடத்திவிட்டனர். மட்டையாளரின் காலடியில் விழும் அவருடைய யார்க்கர் பந்தைப் பார்க்க முடியாத வருத்தம் இருந்தாலும், அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

அமீரக ஏற்பாட்டுக்கு ஐந்துக்கு நான்கு. வீரர்கள் வாரக்கணக்கில் விடுதிக்குள் அடைபட்டதற்காக ஒன்றைக் குறைத்தேன். இந்திய ஏற்பாட்டுக்கு ஒன்றரை.