காஸ்ட் அயர்ன் புல்லட்டும் பாயிண்ட் செட்டும்: நெடுநாள் ஓட்டியதில் தெரிந்தவை

பழைய புல்லட் வாங்கப் போகிறவர்கள் முதலில் தடவிப் பார்ப்பது பெட்ரோல் டேங்க்கைத்தான். அந்த வண்டியில் கூசாமல் பொய் சொல்லும் பாகமும் அதுதான். பெயிண்டும் தங்கக் கோடும் ஸ்டிக்கரும் எந்த ஊரிலும் கிடைக்கும். என்னுடைய 350 சிசி வண்டி என்னிடம் வந்தபோது டேங்க்கில் ‘எலக்ட்ரா’ என்று இருந்தது. டைமிங் கவரின் மேலிருந்த சிறிய மூடியைத் திறந்தால் உள்ளே பாயிண்ட் செட் (பிளக்குக்குப் பொறி தர மின்சாரத்தை இணைத்து அறுக்கும் சிறிய சுவிட்ச்). எலக்ட்ரா எலக்ட்ரானிக் இக்னிஷனோடு விற்பனைக்கு வந்த வண்டி. பாயிண்ட்டுக்கு அங்கே வேலையே இல்லை. ஆக, என்னிடம் இருப்பது வேடமிட்ட சாதாரண ‘ஸ்டாண்டர்டு’ மாடல்.

எஞ்சின் வகையைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் உருவான பழைய எஞ்சினில் சிலிண்டர் வார்ப்பிரும்பு (காஸ்ட் அயர்ன்), ஹெட் அலுமினியம், கியர்பாக்ஸ் தனி. போர் (சிலிண்டர் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 90 மி.மீ., 346 சிசி. பின்னால் வந்த ஏ.வி.எல். என்ற வகை எஞ்சினில் சிலிண்டரும் அலுமினியம், அதற்கும் பிறகு வந்த யு.சி.இ. வகையில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள். கியர் வலப்பக்கம் இருந்தால் பழைய வண்டி என்று முடிவு கட்டுவார்கள். ஆனால் காஸ்ட் அயர்ன் எஞ்சினோடு இடப்பக்க ஐந்து கியர் வண்டிகளும் வந்திருக்கின்றன. ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் ‘டீசல்’ என்றிருந்தால் அது பிறப்பில் டாரஸ் என்ற டீசல் புல்லட். அதற்குத் தீப்பொறியே தேவையில்லை, இந்தக் கட்டுரையும் தேவையில்லை.

இனி பாயிண்ட். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் காயில் (பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) வழியாக ஓடிக்கொண்டிருக்கும். கேம் சுழன்று பாயிண்ட்டைத் திறக்கும் நொடியில் ஓட்டம் அறுபட்டு, பிளக்கில் பொறி பறக்கும். திறக்கும்போது பாயிண்ட் முகம் கருகாமல் காப்பது கண்டென்சர். கேமுக்குப் பின்னால் இரண்டு எடைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன; வேகம் கூடக் கூட டைமிங்கை (பொறி பறக்கும் நேரத்தை) முன்னே தள்ளுவது அவற்றின் வேலை. அந்த ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் மெதுவான சுழற்சியிலேயே டைமிங் முந்திவிடும். பிறகு கிக்கர் உங்களைத் திருப்பி உதைக்கும்.

பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இல்லாமல் ‘கண்ணாலேயே பார்த்துவிடுவேன்’ என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறந்து டைமிங் முந்தும். கேமில் உரசும் ஃபைபர் தேய்ந்து இடைவெளி குறைந்தால் டைமிங் பின்தங்கும், இழுவை போகும், சைலன்சர் சுடும். கார்புரேட்டரைக் கழற்றத் தொடங்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. பலர் கார்புரேட்டர் என்று நினைப்பதில் பாதி இங்கேதான் இருக்கிறது.

இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்தது, பேட்டரியிலிருந்து மின்சாரம் போகிறதா, பேட்டரிக்கு வருகிறதா என்று முள்ளால் காட்டும் ஆம்பியர் மீட்டர். சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தினால் ஓர் இடத்தில் முட்டும். டீகம்ப்ரஸரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேவிடும் லீவரை) பிடித்தபடி இன்னும் கொஞ்சம் தள்ளினால், மைனஸ் பக்கம் சாய்ந்திருந்த முள் நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியைத் தாண்டப்போகிறது என்று பொருள். டீகம்ப்ரஸரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே உதை. பலசாலிகள் வியர்த்து விறுவிறுத்துக் கைவிட்ட வண்டியை ஒல்லியான ஆள் கிளப்பிவிடுவது இப்படித்தான். முள் எப்போதும் நடுவிலேயே நின்றால் பாயிண்ட் கருகியிருக்கலாம், அல்லது வயர் விட்டுப்போயிருக்கலாம். எப்போதும் சாய்ந்தே இருந்தால் பாயிண்ட் திறக்கவே இல்லை. தனியாக மல்டிமீட்டர் இல்லாமலே நோய் சொல்லும் கருவி இது.

ஒரு எச்சரிக்கை: மிகப் பழைய வண்டிகள் 6 வோல்ட். 12 வோல்ட்டுக்கு மாற்றியிருந்தால் காயிலும் மாற்றப்பட்டதா என்று பாருங்கள். 6 வோல்ட் காயிலில் 12 வோல்ட் ஓடினால் அது சூடேறிச் சாகும். பாயிண்ட்டும் சீக்கிரம் கருகும்.

குறையும் உண்டு. பேட்டரி தளர்ந்தால் பொறியும் தளரும். இப்போது கடைகளில் கிடைக்கும் மலிவான பாயிண்ட் செட்டுகளில் ஃபைபர் வெண்ணெய் போலத் தேய்கிறது. கேமில் துளி கிரீஸ் தடவினால் சற்றுத் தாங்கும். பழைய நல்ல செட் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்கிவிடுகிறேன். இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்பவர்கள் நிஜமான எலக்ட்ராவைத் தேடலாம். ஆனால் அதன் எலக்ட்ரானிக் யூனிட் வழியில் செத்தால் உப்புத்தாளும் ஸ்க்ரூடிரைவரும் உதவாது. மாற்று யூனிட் ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.