தி பேப்பர், தி ஆபீஸ், அபாட் எலிமென்டரி: எதை முதலில் பார்ப்பது?

திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கும் பசங்களுக்கு 'தி ஆபீஸ்' என்ற அமெரிக்க காமெடி சீரியல் என்றால் உசிரு. பையர் துணியின் ஷேடை ரிஜெக்ட் செய்தாலும் சரி, ஷிப்மென்ட் தேதி தள்ளிப்போனாலும் சரி, வாட்ஸாப் குரூப்பில் அதில் வரும் மேனேஜர் மைக்கேல் ஸ்காட்டின் மீம் வந்துவிடும். அந்த சீரியலைத் தந்த கிரெக் டேனியல்ஸே, மைக்கேல் கோமனோடு சேர்ந்து 'தி பேப்பர்' என்ற புது சீரியல் எடுக்கிறார் என்றதும் எதிர்பார்ப்பு எகிறியது. 2025 செப்டம்பரில் 10 எபிசோடும் ஒரே மூச்சில் வந்தன. பார்த்து முடித்த தம்பி ஒருவன் கேட்டது: "ஏனுங்ணா, இதுக்கா இத்தனை பில்டப்பு?"

கதைக்களம் என்னவோ பிரமாதம். அமெரிக்காவின் டொலீடோ நகரில் நொடித்துப்போன ஒரு செய்தித்தாள். அதை நடத்தும் கம்பெனிக்கு டாய்லெட் பேப்பர் வியாபாரமும் உண்டு. புதிதாக வரும் எடிட்டர் நெட், நிருபர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் கணக்குப் பிரிவு, விளம்பரப் பிரிவு ஆட்களையே செய்தி சேகரிக்க அனுப்புகிறார். நம் பக்கம் இது கற்பனையே இல்லை. சின்ன ஊர் நிருபரே விளம்பரமும் பிடிப்பார். காலையில் விளம்பரம் வாங்கிய கடையைப் பற்றிச் சாயங்காலம் புகார் வந்தால் அந்த மனுஷன் என்ன செய்வார்? இதை வைத்தே ஒரு சீசன் ஓட்டலாம். 'தி பேப்பர்' இந்த மாதிரிச் சிக்கல்களைத் தொட்டுவிட்டு, பத்திரிகைத் தொழில் எவ்வளவு உயர்ந்தது என்று பேசப் போய்விடுகிறது. நெட்டாக வரும் டோம்னல் க்ளீசன் நல்ல நடிகர்தான். ஆனால் நெட் ரொம்ப நல்லவர், அதுதான் தொல்லை. சிரிப்பு மூட்டும் பாரம் முழுக்க அதே பத்திரிகையில் வேலை பார்க்கும் எஸ்மெரால்டாவாக வரும் சப்ரினா இம்பச்சியாத்தோரே தலையில் விழ, அவரும் கத்தித் தீர்க்கிறார்.

'அபாட் எலிமென்டரி'யும் மற்ற இரண்டையும் போலக் கேமராக்காரர்கள் பின்னாலேயே அலையும் டாக்குமென்டரி பாணிதான். பிலடெல்பியாவில் ஓர் அரசுப் பள்ளி. முதல் எபிசோடில் வகுப்பறை விரிப்பில் ஒரு குழந்தை ஒன்றுக்குப் போய்விடுகிறது. புது விரிப்பு வேண்டுமென்று டீச்சர் ஜெனின் அலைகிறார். பள்ளிக்கு வந்த பணத்தில் ஹெட்மாஸ்டர் அம்மா தன் படம் போட்ட போர்டு வைத்துக்கொள்கிறார். கடைசியில் மெலிசா என்ற டீச்சர் "எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்காரு" என்று விளையாட்டு மைதானத்துக்குப் போகவேண்டிய விரிப்புகளையே இறக்கிவிடுகிறார்! டையிங்கில் துணி லாட் மாட்டிக்கொண்டால் நாமும் தெரிஞ்ச ஆளைத்தானே தேடுகிறோம்? பள்ளிக்கூடம் புனிதமானது என்று யாரும் வசனம் பேசவில்லை. அந்த ஒரு விரிப்பிலேயே எல்லாம் வந்துவிடுகிறது. இதை எழுதிய குவின்டா பிரன்சனுக்கு 2022-இல் எம்மி விருது கிடைத்தது சும்மா இல்லை.

'தி பேப்பரு'க்காகப் பரிந்து பேசுகிறவர்கள், 'தி ஆபீஸ்' முதல் சீசனும் சுமார்தானே என்பார்கள். உண்மைதான். 2005-இல் வந்த அந்த 6 எபிசோடுகளில் அதன் மூலமான பிரிட்டிஷ் சீரியலின் கசப்பு அப்படியே இருந்தது. இரண்டாம் சீசனில்தான் மேனேஜர் மைக்கேல் ஸ்காட்டை, அன்புக்கு ஏங்கும் அசடாக மாற்றினார்கள். ஆனால் அந்த முதல் சீசனிலேயே வேலை போய்விடுமோ என்ற பயம் ஆபீஸ் முழுக்க இருந்தது. டொலீடோவில் பத்திரிகையே மூழ்கும் நிலை, யார் முகத்திலும் அந்தக் கவலை இல்லை.

ஆகவே என் ஓட்டு அபாட்டுக்கு. பழைய 'ஆபீஸை' இன்னும் தொடாதவர்கள் இரண்டாம் சீசனில் இருந்து ஆரம்பித்தால் போதும். 'தி பேப்பரி'ல் முதல் இரண்டு எபிசோடு பாருங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். முதல் சீசன் வெளியாகும் முன்பே அதன் இரண்டாம் சீசனுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பழைய ஆபீஸிலிருந்து வந்திருக்கும் கணக்கர் ஆஸ்கரை ஓரமாக உட்கார வைக்காமல், அதிலாவது கணக்கு நோட்டைக் கையில் கொடுத்து ஒரு முழு எபிசோடு தரட்டும்.