நியூக்ளியோசோம் வாங்கணுமா, ஆக்டமர் போதுமா?

செல்லில் டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதங்கள்தான் ஹிஸ்டோன்கள்; எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஒவ்வொன்றிலும் இரண்டாக எட்டு சேர்ந்தால் ஆக்டமர், அதன்மேல் டி.என்.ஏ. சுற்றினால் நியூக்ளியோசோம். ஹிஸ்டோன்மேல் மெத்தில் ஒட்டும் நொதிகளோடு வேலை செய்ய வரும் புதியவர்கள் விலைப்பட்டியலைப் பார்த்ததும் கேட்பது இதைத்தான். வருடக்கணக்கில் எல்லா வகையையும் பயன்படுத்திப் பார்த்ததில் என் பதில்: உங்கள் நொதி எது என்று முதலில் சொல்லுங்கள்.

டாட்1எல் என்றால் பேச்சே இல்லை, நியூக்ளியோசோம்தான். அது தேடும் எச்3-இன் 79ஆம் லைசின் (அந்த இடத்து அமினோ அமிலம்), நீட்டிக்கொண்டிருக்கும் வாலில் இல்லை, உருண்டைப் பகுதியில் இருக்கிறது. வெறும் எச்3 கொடுத்தால் நொதி சீண்டாது. 601 என்ற, ஹிஸ்டோனை இறுக்கிப் பிடிக்கும் செயற்கை வரிசையில் 147 இணை டி.என்.ஏ. சுற்றிய நியூக்ளியோசோமில் சிக்னல் தெளிவாக வரும். எச்2பி-இன் 120ஆம் லைசினில் யூபிக்விட்டின் என்ற சிறு புரதம் ஒட்டியதைக் கொடுத்தால் எகிறும். விலையும்தான்.

என்எஸ்டி2 இன்னும் வேடிக்கை. நியூக்ளியோசோமில் எச்3-இன் 36ஆம் லைசினை ஒழுங்காகப் பிடிக்கும் இது, ஆக்டமரைக் கொடுத்தால் எச்4-இன் 44ஆம் லைசினைப் பிடித்துக்கொள்ளும், 2009இலேயே காட்டிவிட்டார்கள். ட்ரிட்டியம் கவுண்ட் (கதிரியக்க மெத்தில் எவ்வளவு ஒட்டியது என்ற அளவு) நன்றாக ஏறும், ஆனால் மெத்தில் போனது தப்பான இடத்துக்கு. அந்த எண்களை நம்பி மருந்து மூலக்கூறுகளைச் சலித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். செட்7/9 நேரெதிர்: தனி எச்3-இல் ஓடும், நியூக்ளியோசோமில் படுத்துவிடும். அதற்கு நியூக்ளியோசோம் வாங்குவது தண்டச் செலவு. ஜி9ஏ-வுக்குப் பெப்டைடே (எச்3 வாலின் சிறு துண்டு) போதும்.

ஆக்டமர் என்று லேபிளில் இருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அந்த எட்டும் சேர்ந்து நிற்பது 2 மோலார் உப்பில். நொதி பஃபரில் நீர்த்ததும் எச்3-எச்4 டெட்ராமர் (நான்கு சேர்ந்தது) தனி, எச்2ஏ-எச்2பி டைமர்கள் (இரண்டிரண்டு சேர்ந்தவை) தனி. அப்புறம், கூடவே வரும் உப்பு: வினையின் பத்தில் ஒரு பங்கு ஆக்டமர் கரைசல் என்றால் 200 மில்லிமோலார் உப்பு சும்மாவே ஏறிவிடும். நிறைய நொதிகள் அதிலேயே சோர்ந்துவிடும்.

ஈ.கோலை பாக்டீரியாவில் செய்த ஹிஸ்டோனின் பெரிய வசதி, அதில் எந்தக் குறியும் முன்கூட்டியே இருக்காது. ஹீலா என்ற மனித செல்லிலிருந்து பிரித்ததில் அசிட்டைல், மெத்தில் எல்லாம் கலந்தே வரும். தெளிவான கைனெட்டிக்ஸுக்கு (நொதி வேக அளவீட்டுக்கு) அது சரிப்படாது.

புது பேட்ச் வந்தால் முதல் வேலை 5 அல்லது 6 சதவீத நேட்டிவ் ஜெல் (மூலக்கூறைக் கலைக்காமல் அப்படியே ஓட்டுவது). மேலே நியூக்ளியோசோம், கீழே வேகமாக ஓடிவிட்ட வெறும் டி.என்.ஏ. ஒருமுறை சுங்கத்தில் மாட்டி, உலர்பனி தீர்ந்து வந்த பார்சலில் அந்தக் கீழ்ப்பட்டைதான் தடித்திருந்தது. நிறுவனம் மாற்றித் தர இழுத்தடித்தது; ஜெல் படம் அனுப்பிய பிறகே வழிக்கு வந்தது. எங்களிடம் நியூக்ளியோசோம் 4 டிகிரியில் வாரக்கணக்கில் நன்றாகவே இருக்கிறது. மீண்டும் மீண்டும் உறையவைத்து உருக்குவதுதான் ஆகாது. மிகவும் நீர்த்தாலும் கலைந்துவிடும், டியூபில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் பி.எஸ்.ஏ. (மாட்டு ஆல்புமின் புரதம்) சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறியில்லாத சாதா வகை நிறைய வேண்டுமென்றால் நீங்களே செய்வது மலிவு: ஹிஸ்டோன்களைக் குவானிடினில் கரைத்து, 2 மோலார் உப்பில் மடித்து, டி.என்.ஏ. சேர்த்து, டயாலிசிஸில் உப்பைப் படிப்படியாக இறக்க வேண்டும். யூபிக்விட்டின் ஒட்டியதை மட்டும் காசு கொடுத்தே வாங்கிவிடுங்கள்.