இரண்டு வலைச் செயலிகள் பேசிக்கொள்ள: ஏபிஐ கீயா, எச்மேக் கையொப்பமா, ஓஆத்தா, இருபுறச் சான்றிதழா?

ஒரு சிறு பதிப்பகம் என்று வைத்துக்கொள்வோம். புத்தகம் விற்கும் தளம் நோட் ஜேஎஸ் என்னும் நிரல் சூழலில் ஒரு சர்வரில் ஓடுகிறது. கணக்கு பார்க்கும் செயலி பிஎச்பி என்னும் நிரல்மொழியில், வேறொருவர் எழுதி, வேறொரு சர்வரில் இருக்கிறது. ஆர்டர் விழுந்ததும் முதலாவது இரண்டாவதுக்குத் தகவல் சொல்ல வேண்டும்: இன்னாருக்கு, இந்தப் புத்தகம், இவ்வளவு தொகை. கேட்பதற்கு எளிய வேலைதான். ஆனால் கணக்குச் செயலியின் இடத்திலிருந்து பார்த்தால் நான்கு சந்தேகங்கள் எழும். இதை அனுப்பியது உண்மையிலேயே விற்பனைத் தளமா? வழியில் யாரும் தொகையை மாற்றவில்லையே? நேற்று வந்த செய்தியையே யாராவது மறுபடி அனுப்புகிறார்களா? ரகசியம் ஒருநாள் கசிந்தால் சேதம் எவ்வளவு?

எச்டிடிபிஎஸ் இருக்கிறதே என்று பலரும் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அது பாதையைக் காக்கும், எந்த சர்வரை அழைத்தோம் என்பதை அழைத்தவருக்கு உறுதிசெய்யும். அழைப்பவர் யார் என்று சர்வருக்குச் சொல்லாது. 'இந்த ஐபி முகவரியிலிருந்து வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்' என்பது கூடுதல் பூட்டாக இருக்கலாம், ஒரே பூட்டாக இருக்கக் கூடாது. கிளவுடில் இன்றைய முகவரி நாளை வேறொருவருக்குப் போகும். இரண்டு செயலிகளும் ஒரே டேட்டாபேஸைத் தொடட்டும் என்ற குறுக்குவழியைப் பேசவே வேண்டாம். ஒருவர் ஓர் அட்டவணை நெடுவரிசையின் பெயரை மாற்றினால் மற்றவரின் செயலி படுத்துவிடும்.

ஏபிஐ கீ: எளிமைக்குக் கொடுக்கும் விலை

ஏபிஐ என்பது ஒரு செயலி மற்ற செயலிகளுக்குத் திறந்துவைக்கும் வாசல். அதன் கீ, எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு சரம். ஒவ்வொரு கோரிக்கையின் ஹெடரிலும், அதாவது செய்தியோடு போகும் மேற்குறிப்பிலும், அது போகிறது. பெறுபவர் சரிபார்க்கிறார், முடிந்தது. அரை மணி நேர வேலை. சினிமா டிக்கெட் போலத்தான் இது: யார் கையில் இருக்கிறதோ அவருக்கே இருக்கை, பெயர் கேட்க மாட்டார்கள்.

சிக்கல், அந்த ரகசியம் ஒவ்வொரு முறையும் பயணம் செய்கிறது என்பதில் இருக்கிறது. யூஆர்எல்லில் கேள்விக்குறிக்குப் பின்னால் வைத்துவிட்டால் வெப் சர்வரின் லாகில் அப்படியே பதிவாகிவிடும். நிரலோடு சேர்த்து, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிடுவது இன்னொரு வழக்கமான கசிவு. கிட்ஹப் 2021இல் தன் டோக்கன்களுக்கு (கீ போன்ற அனுமதிச் சரங்களுக்கு) அடையாள முன்னொட்டு வைக்கத் தொடங்கியது. கசிந்த டோக்கன்களைத் தானியங்கியாகத் தேடிப் பிடிப்பது அதனால் எளிதாயிற்று. நீங்களே கீ உருவாக்கினால் அந்த வழக்கத்தைக் கடன் வாங்கலாம். வானிலை, பின்கோடு போன்ற வெறும் வாசிப்புத் தரவுக்கு ஏபிஐ கீ தாராளமாகப் போதும். பணத்தைத் தொடும் எதற்கும் எனக்கு மனம் ஒப்பாது.

எச்மேக் கையொப்பம்: என் தேர்வு

இங்கேயும் இரு தரப்புக்கும் ஒரே ரகசியச் சாவிதான். ஆனால் அது வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. அனுப்புபவர் செய்தியையும் சாவியையும் சேர்த்து எச்மேக் ஷா-256 என்னும் ஹேஷைக் (எந்தச் செய்தியையும் குறிப்பிட்ட நீள விடையாகச் சுருக்கும், திருப்ப முடியாத கணக்கு) கணக்கிட்டு, விடையை மட்டும் ஹெடரில் வைக்கிறார். பெறுபவர் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறார். செய்தியில் ஒரு பைட் மாறினாலும் விடை பொருந்தாது. முதல் இரண்டு சந்தேகங்களும் ஒரே வீச்சில் தீர்கின்றன.

இதற்கு எச்மேக் எதற்கு, ரகசியத்தையும் செய்தியையும் ஒட்டி ஒரு ஹேஷ் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. போதாது. புகைப்படங்களுக்கான ஃப்ளிக்கர் தளத்தின் ஏபிஐ கையொப்பம் அப்படித்தான் அமைந்திருந்தது: ரகசியம் முன்னால், விவரங்கள் பின்னால், மொத்தத்துக்கும் எம்டி5 என்ற பழைய ஹேஷ். அந்த வகை ஹேஷ்கள் செய்தியைத் துண்டு துண்டாக விழுங்கி, கடைசி நிலையை அப்படியே விடையாகத் தருபவை. ஆகவே ரகசியம் தெரியாதவர்கூட அந்த விடையிலிருந்து கணக்கைத் தொடர்ந்து, வாலில் தன் விவரங்களை ஒட்டி, செல்லுபடியாகும் புதிய கையொப்பத்தை உருவாக்கிவிடலாம். 2009இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் தாய் துவாங், ஜூலியானோ ரிஸோ இருவரும் இதைச் செய்தே காட்டினார்கள். சாவியைக் கலந்து இரண்டு முறை ஹேஷ் செய்யும் எச்மேக்கில் இந்த வித்தை பலிக்காது. அது 1997இலேயே, இணைய நெறிமுறை ஆவண வரிசையான ஆர்எஃப்சியில், ஆர்எஃப்சி 2104 ஆக வெளிவந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை.

மூன்றாவது சந்தேகமான மறு அனுப்புதலுக்குக் கையொப்பம் மட்டும் போதாது; பழைய செய்தியின் கையொப்பம் நாளையும் சரியாகவே இருக்கும். இங்கே பெரிய நிறுவனங்களே வெவ்வேறு வழியில் போகின்றன. கிட்ஹப் தன் வெப்ஹுக்கில் (ஏதாவது நடந்ததும் இன்னொரு செயலிக்குத் தானாகப் போகும் செய்தி) செய்தியின் உடலுக்கு மட்டும் கையொப்பமிட்டு, ஒவ்வொரு அனுப்புதலுக்கும் தனி அடையாள எண் தருகிறது. பணம் செலுத்தும் சேவையான ஸ்ட்ரைப், நேர முத்திரையையும் உடலையும் நடுவில் ஒரு புள்ளி வைத்து இணைத்துக் கையொப்பமிடுகிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் பழையதென்றால் அதன் லைப்ரரிகள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) இயல்பாகவே நிராகரித்துவிடும். ஸ்ட்ரைப்பின் வழியே எனக்குப் பிடித்தது. அந்த ஐந்து நிமிடத்துக்குள் வரும் இரட்டைச் செய்தியைத் தடுக்க, ஆர்டர் எண்ணை ஏற்கனவே பதிவு செய்தோமா என்று பார்த்தால் போதும். சர்வரின் கடிகாரம், இணையவழி நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள்.

நடைமுறையில் எச்மேக் சறுக்கும் இடம் ஒன்றுண்டு, தமிழ்த் தரவோடு வேலை செய்பவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு. பெறும் செயலி, தரவை எழுத்தாக அனுப்பும் வடிவமான ஜேசானைப் பிரித்துப் படித்துவிட்டு, கையொப்பத்தைச் சரிபார்க்க அதை மறுபடி சரமாக மாற்றுகிறது என்று வையுங்கள். நோட், தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே எழுதும். பிஎச்பியோ, வேறு மாதிரி கேட்டுக்கொள்ளாத வரை, அதே எழுத்தைப் பின்சாய்கோடு, யூ, நான்கு இலக்கக் குறியீடு என்று மாற்றி எழுதும். ஆங்கிலப் பெயரில் வந்த ஆர்டர்கள் எல்லாம் தேறிவிடும். 'கயல்விழி' என்று தமிழில் பெயர் எழுதிய வாடிக்கையாளரின் ஆர்டர் மட்டும் 'கையொப்பம் தவறு' என்று திரும்பும். முகவரியில் சாய்கோடு போட்டு '12/4' என்று எழுதியவருக்கும் இதே கதிதான், ஏனென்றால் பிஎச்பி அந்தச் சாய்கோட்டுக்கு முன்னாலும் ஒரு பின்சாய்கோட்டைச் சேர்க்கும். சோதனையின்போது ஆங்கிலப் பெயர்களை மட்டும் போட்டுப் பார்த்தவர் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பிரிப்பதற்கு முன், வந்த பைட்டுகளை வந்தபடியே எடுத்துச் சரிபார்ப்பதே தீர்வு.

இரண்டு கையொப்பங்களையும் சாதாரணச் சமக்குறியால் ஒப்பிடாதீர்கள். எத்தனை எழுத்துவரை பொருந்தியது என்பதை விடை வர எடுத்த நேரமே காட்டிக்கொடுக்கக்கூடும். இதற்கென்றே பிஎச்பியில் ஹேஷ்_ஈக்வல்ஸ், நோடில் டைமிங்சேஃப்ஈக்வல் என்று சார்புகள் தயாராக இருக்கின்றன.

ஓஆத் 2.0: யாருக்காகச் செய்யப்பட்டது?

பயனர் ஒருவர், தன் கடவுச்சொல்லைக் கொடுக்காமலேயே, தன் சார்பில் வேறொரு செயலிக்குக் குறிப்பிட்ட அனுமதி தருவதற்காகப் பிறந்தது ஓஆத். இந்த வேலைக்கு அதற்கு நிகர் இல்லை. சர்வரோடு சர்வர் பேசவும் அதில் தனி முறை உண்டு: அடையாளத்தையும் ரகசியத்தையும் காட்டி டோக்கன் வாங்கி, அதை வைத்துக் கோரிக்கை அனுப்ப வேண்டும். டோக்கன் கசிந்தாலும் காலாவதியாகும்வரைதான் ஆபத்து. 'வாசிக்கலாம், எழுதக் கூடாது' என்று எல்லையும் வகுக்கலாம். நான்காவது சந்தேகத்துக்கு இதுவே நல்ல பதில்.

ஆனால் பதிப்பகத்தின் இரண்டு செயலிகளுக்காக ஒரு டோக்கன் சர்வரைக் கட்டி மேய்ப்பதா? முதல் ஓஆத் கோரிக்கைகளுக்குக் கையொப்பமிடச் சொன்னது. 2012இல் ஆர்எஃப்சி 6749 ஆக வந்த இரண்டாவது பதிப்பு அந்தச் சுமையை இறக்கி, பாதுகாப்பை, எச்டிடிபிஎஸ்ஸுக்கு அடியில் இயங்கும் டிஎல்எஸ்ஸின் தலையில் வைத்தது. அதன் முதன்மை ஆசிரியராக இருந்த எரான் ஹாமர், அது சிக்கல் கூடி, பாதுகாப்புக் குறைந்துபோனது என்று சொல்லி அதே ஆண்டு தன் பெயரையே விலக்கிக்கொண்டார். வழக்கமான டோக்கனும் டிக்கெட் ரகம்தானே. 2023இல் வந்த டீபாப், ஆர்எஃப்சி 9449, டோக்கனை ஒரு சாவியோடு பிணைத்துக் கோரிக்கைதோறும் கையொப்பம் கேட்கிறது. இறக்கிவைத்த மூட்டையை மறுபடி ஏற்றிக்கொண்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

டோக்கனாக ஜேடபிள்யூடியை (விவரங்களையும் கையொப்பத்தையும் தன்னுள்ளேயே சுமக்கும் டோக்கன் வடிவம்) பயன்படுத்தினால், எந்த முறையில் கையொப்பமிடப்பட்டது என்பதை டோக்கனே சொல்வதை நம்பாதீர்கள். 'கையொப்பம் எதுவும் இல்லை' என்று அறிவித்துக்கொண்ட டோக்கன்களைப் பல லைப்ரரிகள் ஏற்றுக்கொண்டன என்பது 2015இல் அம்பலமானது. ஏற்கும் முறையை உங்கள் நிரலிலேயே எழுதிவையுங்கள்.

இருபுறச் சான்றிதழ்

சர்வர் மட்டுமின்றி, அழைப்பவரும் சான்றிதழ் காட்டும் டிஎல்எஸ் முறை இது. பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. வங்கிகளுக்கும் பெரிய நிறுவனங்களின் உள்வலைக்கும் பொருத்தம். மற்றவர்களுக்குப் பராமரிப்பே தலைவலி. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் இத்தகைய அழைப்பாளர் சான்றிதழ்களை நிறுத்தப்போவதாக 2025இல் அறிவித்துவிட்டதால், சொந்தமாகச் சான்றிதழ் மையம் நடத்த வேண்டியிருக்கும். மறந்து காலாவதியாக விட்டால் ஒரே நொடியில் எல்லாப் பரிமாற்றமும் நின்றுவிடும். செயலிக்கு முன்னால் நிற்கும் இடைநிலை சர்வரான ப்ராக்ஸி சான்றிதழைச் சரிபார்த்து, பெயரை ஹெடரில் எழுதிச் செயலிக்கு அனுப்பும் அமைப்பில் ஓர் ஓட்டையும் உண்டு: வெளியிலிருந்து அதே ஹெடரோடு வருவதை ப்ராக்ஸி அழிக்காவிட்டால், யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளலாம்.

ஆகவே பதிப்பகத்துக்கு எச்மேக், நேர முத்திரை, ஆர்டர் எண் சரிபார்ப்பு. நாளை விற்பனையாளர்கள் பலர் தங்கள் சொந்தச் செயலிகளை இணைக்கக் கேட்டால், அவர்களுக்கு ஓஆத் வாசலைத் திறக்கலாம். அப்போதும் அவர்களுக்கு அனுப்பும் வெப்ஹுக்குக்கு எச்மேக்தான். சாவியை மாற்றும் வழியை முதல் நாளே எழுதிவிடுங்கள். மாற்றும் காலத்தில் பழைய சாவி, புதிய சாவி இரண்டாலும் கையொப்பமிட்டு அனுப்புங்கள். பெறுபவருக்கு ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். இரு தரப்பும் மாறிய பிறகு பழையதை அழித்துவிடலாம். ஸ்ட்ரைப் இதற்கு 24 மணி நேரம்வரை அவகாசம் தருகிறது. பதிப்பகத்துக்கு ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளலாம், சாவி கசிந்திருந்தால் மட்டும் அன்றே.