பலகைக்கு நாலு ஸ்டார், படங்களுக்கு ஒன்றரை

ஆன்லைனில் 849 ரூபாய்க்கு வாங்கிய, குழந்தைகளுக்கான தினசரி வேலைப் பலகை பற்றியது இது. காந்தம் ஒட்டும் தகரப் பலகை, நாற்பது பட அட்டைகள், அவற்றைப் போட்டுவைக்க ஒரு துணிப்பை. இடப்பக்கம் செய்ய வேண்டியவை, வலப்பக்கம் முடிந்தவை. ஒரு வேலை முடிந்ததும் பிள்ளையே அட்டையை எடுத்து அந்தப் பக்கம் வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

என் மனைவி நர்ஸ். காலை ஷிஃப்ட் என்றால் ஆறரைக்கே கிளம்பிவிடுவாள். யூகேஜி படிக்கும் பையனை எழுப்பி, குளிக்கவைத்து, ஊட்டி, எட்டேகாலுக்கு வேன் ஏற்றுவது என் பாடு. அவனுக்குப் பேச்சு கொஞ்சம் தாமதம். "வா கண்ணு, குளிக்கலாம்" என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் ஏறாது. கண்ணில் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்வான். படம் வைத்துப் பழக்கச் சொன்னது தெரபி சென்டர் மேடம்தான். புது வித்தையும் இல்லை. அமெரிக்காவில் எரிக் ஷாப்ளர் என்பவரின் முயற்சியால் 1972இல் வட கரோலினா மாநிலம் முழுக்க வந்த 'டீச்' திட்டத்தில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பட அட்டவணைதான் முக்கியமான கருவி. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரியாததுதான் பாதி அழுகைக்குக் காரணம். படம் எதிரிலேயே இருந்தால் யாரையும் கேட்காமல் அவனே பார்த்துக்கொள்ளலாம்.

நான் ஈரோட்டில் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருப்பவன். அதனால் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகும். பலகையைக் குறை சொல்ல முடியாது. முனைகளை மடித்து மழுக்கியிருக்கிறார்கள், கையைக் கிழிக்காது. கதவைப் படாரென்று சாத்தினாலும் அட்டைகள் விழுவதில்லை. அட்டைகள்தான் மோசம். லேமினேஷனை விளிம்பே விடாமல் படத்தோடு ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். இப்படி வெட்டினால் மேல் ஃபிலிமும் கீழ் ஃபிலிமும் ஒட்டிக்கொள்ள இடம் ஏது? ஈரக்கை பட்டதும் தண்ணீர் உள்ளே இறங்கி உப்பிவிடும். முதலில் உப்பியது குளியல் அட்டை. சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் விட்டிருந்தால் போதும். பத்து ரூபாய் வேலைக்கே நாங்கள் அதைச் செய்கிறோம்.

அடுத்து படங்கள். குளியலுக்கு, பீங்கான் தொட்டியில் நுரைக்குள் உட்கார்ந்திருக்கும் மஞ்சள் முடிப் பையன். காலைச் சாப்பாட்டுக்கு ஒரு கிண்ணம் பால், அதில் என்னவோ மிதக்கிறது. கக்கூஸுக்குப் பேப்பர் சுருள். குளிர்கோட்டு மாட்டுவதற்குக்கூட ஒரு அட்டை உண்டு, ஈரோட்டு வெயிலுக்கு! தலைக்கு எண்ணெய் வைத்து வாருவதற்கு இல்லை, இட்லிக்கு இல்லை, வேனுக்கு இல்லை. எழுத்தெல்லாம் ஆங்கிலம். பெரியவர்களுக்கு இது சில்லறை விஷயம். என் பையன் அந்தத் தொட்டிப் படத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கொல்லையில் இருக்கும் சிமென்ட் தொட்டிக்குப் போய் நின்றான். படத்தில் உள்ளதைத்தானே செய்தான்?

எனவே அட்டைகளை நானே போட்டேன். எங்கள் வீட்டுப் பச்சை வாளி, சிவப்பு மக், அவன் தட்டு, அவன் ஏறுகிற வேன், எல்லாம் ஃபோனில் எடுத்த போட்டோ. பொருளை வெள்ளை வேட்டி மேல் வைத்து எடுப்பது நல்லது. பின்னால் வேறு ஏதாவது தெரிந்தால் அவன் கண் அங்கே போய்விடும். 'காத்திரு' மாதிரி போட்டோவில் பிடிபடாதவற்றுக்கு அராசாக் தளம் கைகொடுத்தது. ஸ்பெயினில் அராகோன் மாகாண அரசு நடத்துவது. ஆயிரக்கணக்கான படங்கள், காசு இல்லை, தோல் நிறமும் முடி நிறமும் மாற்றிக்கொள்ளலாம். விற்கத்தான் கூடாது. 125 மைக்ரான் ஃபிலிம், பின்னால் பசையுள்ள காந்த ஷீட். முடிந்தது வேலை.

கார்ட்டூனை விட்டுக் குளிக்கப் போவதுதான் எங்கள் வீட்டில் பெரிய கண்டம். அதற்கு மேடம் சொன்ன வழி: பாத்ரூம் கதவில் ஒரு தகரத் துண்டு, அதில் அதே சிவப்பு மக் படம். பலகையிலிருந்து மக் அட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுவேன். அவன் நடந்துபோய்க் கதவுப் படத்தின் மேல் ஒட்ட வேண்டும். சுவரில் சாய்ந்துகொண்டு அசையாதவன், அந்த 'டக்' சத்தத்துக்காகவே எழுந்து போகிறான். போய்விட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி, அப்புறம் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

செட்டில் இன்னொரு பெரிய குறை, மாற்றத்துக்கு அட்டை இல்லை. மழைக்குப் பள்ளி லீவு, வேன் வரவில்லை என்றால் பலகை பொய் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. ஆரஞ்சு நிறத்தில் கேள்விக்குறி போட்டு ஒன்று செய்துகொண்டேன். அதை முதலில் நல்ல விஷயத்துக்குத்தான் காட்டினேன்: படிப்புக்குப் பதில் ஐஸ்கிரீம். இல்லையென்றால் அந்த அட்டையைக் கண்டாலே அழ ஆரம்பித்துவிடுவான்.

இதே விற்பனையாளர் சிவப்புத் தட்டுக் கடிகாரமும் தருகிறார், 600 ரூபாய். நேரம் குறையக் குறையச் சிவப்பும் குறையும். சின்சினாட்டியில் ஜேன் ராஜர்ஸ் என்ற அம்மா தன் மகளுக்காகக் கண்டுபிடித்த டைம் டைமரின் நகல் இது. வேலை செய்கிறது. ஆனால் மணி அடித்தால் பையன் இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறான், சத்தத்தைக் குறைக்க வழியில்லை. ஸ்பீக்கர் ஓட்டை மேல் செலோ டேப்பை நாலு மடிப்பாக ஒட்டியிருக்கிறேன்.

பலகையை மட்டும், வெற்றுக் காந்த அட்டைகளோடு 500 ரூபாய்க்குக் கொடுத்தால் தங்கை வீட்டுக்கும் ஒன்று வாங்குவேன். விற்பவருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.