1845-இல் டெக்சாஸ் அமெரிக்காவோடு சேர மறுத்திருந்தால்: மூன்று வழிகள், ஓர் அலசல்

மெக்சிகோவிலிருந்து பிரிந்து 1836 முதல் 1845 வரை தனிக் குடியரசாக இருந்த டெக்சாஸ் அப்படியே நீடித்திருந்தால் என்று எழுதுபவர்கள் முதலில் வரைபடத்தைத்தான் விரிக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கஜானாவை. 1845-இல் குடியரசின் கடன் ஏறத்தாழ 1 கோடி டாலர். அதிபர் லமார் காலத்தில் அச்சடித்த ‘ரெட்பேக்’ நோட்டு 1842 வாக்கில் டாலருக்கு இரண்டு சென்ட் என்ற அளவுக்கு விழுந்துவிட்டது. எந்த வழியை ஆராய்ந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

முதலாவது லமாரின் வழி, யார் துணையும் இல்லாமல் மேற்கே விரிவது. மூன்றில் இதுதான் மிக பலவீனமானது. 1841-இல் மெக்சிகோ வசமிருந்த சாண்டா ஃபேக்கு அவர் அனுப்பிய படை சண்டையே போடாமல் சரணடைந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் மெக்சிகோ தளபதி வோல் சான் அன்டோனியோவைப் பிடித்தார். பிடித்ததைத் தக்கவைக்க மெக்சிகோவால் முடியவில்லை. எல்லையைக் காக்க டெக்சாஸாலும் முடியவில்லை.

இரண்டாவது வழி அமெரிக்காவோடு இணைவது. உண்மையில் நடந்த அந்த இணைப்பில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. 1845 மார்ச் 1-இல் கையெழுத்தான கூட்டுத் தீர்மானப்படி பொது நிலங்கள் டெக்சாஸுக்கே; கடனும் டெக்சாஸின் தலையிலேயே. மேற்கு நிலங்கள் மீதான உரிமையை விட்டுக்கொடுத்ததற்காக 1 கோடி டாலர் கிடைத்தது 1850-இல்தான். ஆக, 1845-இல் கைக்கு வந்தது பாதுகாப்பு. எல்லைத் தகராறை வாஷிங்டன் ஏற்றது, 1846-இல் மெக்சிகோவோடு போரும் மூண்டது.

மெக்சிகோவின் அங்கீகாரத்தோடு தனிநாடாகவே நீடிப்பது என்ற மூன்றாவது வழிதான் இணைப்புக்கு உண்மையான போட்டி. பிரிட்டிஷ் தூதர் சார்லஸ் எலியட் முன்னின்று மெக்சிகோவிடம் வாங்கித் தந்த முன் உடன்பாட்டில் நான்கு அம்சங்கள்: மெக்சிகோ சுதந்திரத்தை அங்கீகரிக்கும், டெக்சாஸ் எந்த நாட்டோடும் இணையாது, எல்லை முதலியவை இறுதி ஒப்பந்தத்தில் பேசப்படும், தீராத நிலத் தகராறு நடுவர்களிடம் போகும். ஓட்டை மூன்றாவது அம்சத்தில் இருக்கிறது. டெக்சாஸ் ரியோ கிராண்டே வரை கேட்டது. எல்லை நியூசஸ் ஆற்றைத் தாண்டக் கூடாது என்றது மெக்சிகோ. மீறினால் யார் படை அனுப்புவார்கள் என்று அந்த நான்கில் ஒரு வரிகூட இல்லை.

அடிமை முறையை ஒதுக்கிவிட்டு இந்த வழியை எழுதக்கூடாது. அடிமைகளுக்கு விடுதலை அளிக்கும் அதிகாரத்தை டெக்சாஸின் 1836 அரசியல் சட்டம் அதன் காங்கிரசுக்கு (நாடாளுமன்றத்துக்கு) மறுத்திருந்தது. 1850 கணக்கெடுப்பில் 2,12,592 பேரில் 58,161 பேர் அடிமைகள். பிரிட்டனோ டெக்சாஸில் அடிமை முறை ஒழிய வேண்டும் என்ற விருப்பத்தை மறைக்கவில்லை. டெக்சாஸ் லண்டனை எவ்வளவு நெருங்குகிறதோ, அவ்வளவுக்குப் பருத்திப் பண்ணை முதலாளிகள் அரசுக்கு எதிராகத் திரும்பியிருப்பார்கள். மறுப்பு அந்த 58,000 பேருக்கு விடுதலை தந்திருக்கும் என்று எழுதுவதற்கு ஆதாரம் இல்லை.

வரலாறு வேறு பக்கம் திரும்பும் கணத்தை எங்கே வைப்பது? 1845 ஜூன், ஜூலை என்றால் எடுபடாது. டெக்சாஸ் செனட் மெக்சிகோவின் வாய்ப்பை ஒருமனதாக நிராகரித்தது. ஜூலை 4-இல் கூடிய மாநாட்டில் இணைப்புக்கு எதிராக விழுந்தது ஒரே வாக்கு. பிப்ரவரி 27-க்குப் போங்கள். அமெரிக்க செனட்டில் இணைப்புத் தீர்மானம் 27–25 என்று தப்பியது. ஓர் உறுப்பினர் மாறியிருந்தால் 26–26. அப்போதைய அமெரிக்க அதிபர் டைலர் துணை அதிபராக இருந்து அதிபரானவர் என்பதால் துணை அதிபர் பதவி காலி. சமநிலையை உடைக்க ஆளில்லை, தீர்மானம் தோற்றிருக்கும். டிசம்பரில் புதிய அமெரிக்க காங்கிரஸ் கூடும் முன், கோடையில் டெக்சாஸ் அதிபர் ஆன்சன் ஜோன்ஸின் மேஜையில் மெக்சிகோவின் உடன்பாட்டுத் தாள் மட்டுமே இருந்திருக்கும். டெக்சாஸ் கையெழுத்திட நம்பத்தக்க இடைவெளி அது ஒன்றுதான்.

அதன் பிறகும் தடை உண்டு. உடன்பாட்டுக்கு இசைந்த மெக்சிகோ அதிபர் எரேராவின் அரசை டிசம்பரில் தளபதி பரேடஸ் கவிழ்த்தார். டெக்சாஸை விட்டுக்கொடுக்கிறார்கள் என்ற கோபம் அவருடைய முக்கிய ஆயுதம். ஆகவே இறுதி ஒப்பந்தம் அதற்கு முன்பே முடிந்தாக வேண்டும், எல்லையும் நியூசஸிலேயே நின்றாக வேண்டும்.