மல்டி டூல் பிளேட்: இருபது கிடைக்கும் மலிவுப் பக்கெற்றா, ஒற்றை நல்ல பிளேட்டா?

புதிதாக டைல்ஸ் பதித்த வீட்டில் கதவு நிலையின் அடியை 15 மில்லிமீற்றர் வெட்டி எடுக்க வேண்டும். அல்லது கறையான் தின்ற யன்னல் சட்டத்தில் கெட்ட துண்டை மட்டும் கழற்ற வேண்டும். பிளேட்டைச் சுற்றாமல் இடமும் வலமும் வேகமாக ஆட்டி வெட்டும் கை மெசினான மல்டி டூல் நுழையும் இந்த இடங்களில் கைவாளும் நுழையாது, கிரைண்டரும் நுழையாது. மெசினுக்கு ஒருமுறைதான் செலவு. பிளேட்டுக்கோ ஒவ்வொரு வேலையிலும் காசு போகும். கிரைண்டர் டிஸ்க் எந்த ஹாட்வெயாரிலும் குவிந்து கிடக்கும், இந்தப் பிளேட் அப்படிக் கிடைப்பதில்லை. கடையில் ஒற்றையாக வாங்குவதா, ஒன்லைனில் இருபது கொண்ட பக்கெற் எடுப்பதா என்ற கேள்வி அதனால்தான் வருகிறது.

விலை பார்க்கும் முன் பிளேட் பூட்டும் வாயைப் பாருங்கள். ஜேர்மன் கம்பனிகளான பொஷ்ஷும் ஃபைனும் சேர்ந்து 2016இல் கொண்டுவந்த ஸ்டார்லொக் முறையில் பிளேட்டின் நடுப்பகுதி கிண்ணம்போலக் குழிந்து நட்சத்திர வடிவில் இருக்கும். ஒன்லைனில் ‘யுனிவேர்சல்’ என்று விற்கும் தட்டையான, ஒரு பக்கம் திறந்த வாயுள்ள பிளேட் அதில் பூட்டுப்படாது. படத்தை நம்பி இருபதை வாங்கிவிட்டால் இருபதும் வீண்தான். பழைய தட்டை முறை மெசினுக்கு யுனிவேர்சல் பொருந்தும். ஆனால் எல்லா மெசினுக்கும் பொருந்தட்டும் என்று பல துளைகள் வெட்டியிருப்பதால், மெசின் வாயிலுள்ள முளைகளில் நாலைந்து மட்டுமே பிளேட்டைப் பிடிக்கும். எலன் கீயால் இறுக்கும்போது முளைகள் துளைக்குள் முழுதாக இறங்கினவா என்று விரலால் தடவிப் பாருங்கள். அரைகுறையாக இருந்தால் பிளேட் தள்ளாடிச் சூடாகும், முளையும் தேயும். பிளேட்டை மாற்றலாம். தேய்ந்த முளைக்கு மெசினைக் கழற்ற வேண்டிவரும்.

அடுத்தது பல்லின் உலோகம். மலிவுப் பக்கெற்றில் பெரும்பாலும் இருப்பது ஹை காபன் ஸ்டீல். சுத்தமான மரம், பிளைவூட், பிவிசி பைப், ஜிப்சம் போர்ட் இவற்றை அழகாக வெட்டும். ஒரே ஒரு ஆணியில் பட்டால் அதன் கதை முடிந்தது. பைமெற்றலில் முதுகு வளையும் உருக்கு, பல் ஓரத்தில் மட்டும் ஹை ஸ்பீட் ஸ்டீல் பட்டை ஒட்டியிருக்கும். சாதாரண ஆணியையும் அலுமினியத்தையும் அது தாங்கும். டங்ஸ்டன் காபைட் என்ற மிகக் கடினமான பொருளில் வரும் பல் கடினப்படுத்திய ஸ்க்ரூவையும் தாங்கும், விலைதான் கடிக்கும். டைல்ஸ் இடுக்கில் சீமெந்து எடுப்பதற்குப் பல்லுள்ள எதுவும் வேண்டாம். காபைட் தூள் ஒட்டிய அரைவட்ட பிளேட்டே அதற்குச் சரி.

ஆணி ஏன் இவ்வளவு கெடுதி? மெசின் ஆடுவது மொத்தமே 3 பாகை அளவு. அச்சிலிருந்து பல் வரை 80 மில்லிமீற்றர் என்று வைத்தால் பல்லின் நகர்வு நாலு மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும். அங்குலத்துக்கு 14 பல்லுள்ள பிளேட்டில் இரண்டு பல்லுக்கு இடையே 1.8 மில்லிமீற்றர். அதாவது, ஆணி முழுவதையும் அரைப்பது பக்கத்துப் பக்கமாக உள்ள மூன்று நாலு பல் மட்டுமே, மற்றவை சும்மா நிற்கின்றன. ஆகவே ஆணி பட்டதும் அழுத்தாதீர்கள். வேகத்தைக் குறைத்து, பிளேட்டை இடமும் வலமும் மெல்ல நகர்த்தி எல்லாப் பல்லுக்கும் வேலையைப் பங்கிடுங்கள். இதே குறுகிய ஆட்டத்தால் மரத்தூளும் வெளியே வராது. அடிக்கடி பிளேட்டை இழுத்துத் தூளை விட வேண்டும். புகை வந்தபின் பார்த்தால் பல் நீலம் பூத்திருக்கும். நீலம் பூத்த காபன் ஸ்டீலின் கடினம் போய்விட்டது, அதை மேலும் அழுத்தினால் மரம்தான் கருகும்.

வட இலங்கையின் வன்னியில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். இங்கே பழைய நிலைகள் பாலை, முதிரை போன்ற வயிரமான மரங்களில் செய்தவை. கூரைக்குப் போட்ட பனை வளையும் தீராந்தியும் வெளிப்புறம் கறுத்த நாரால் கல்லாக இருக்கும், பனையில் உள்ள சிலிக்கா பல்லைத் தின்னும். அதற்கு மேல், போர்க்காலத்து மரத்தில் சன்னமும் செல் துண்டும் புதைந்திருப்பது எங்களுக்குப் புதினமில்லை. வெட்டும் முன் பெரிய காந்தமொன்றை மரத்தின்மேல் மெல்ல நகர்த்துங்கள். பழைய ஒலிபெருக்கியின் காந்தம் போதும். இழுத்த இடத்தில் சோக்கட்டியால் குறியிட்டு விலகி வெட்டலாம். ஆழத்தில் கிடப்பதைக் காந்தம் காட்டாது, ஆகவே பழைய மரத்துக்குக் காபன் ஸ்டீலே போடாதீர்கள். செல் துண்டு பைமெற்றலையும் மொட்டையாக்கலாம். விலக முடியாத இடத்தில் காபைட் ஒன்றுதான் வழி.

எனவே எங்கள் தெரிவு ஒரே பக்கெற் அல்ல. மலிவுப் பத்து பிளேட், புது மரத்துக்கும் பிவிசிக்கும். பைமெற்றல் மூன்று நாலு, பழைய வீட்டு வேலைக்கு. காபைட் ஒன்று, அதுவும் வேலை வந்த பிறகு கடையில் ஒற்றையாக. ‘டைட்டானியம்’ என்று பொன்னிறத்தில் வருவதற்கு மேலதிகமாகக் கொடுக்க வேண்டாம். அது மேற்பூச்சு மட்டுமே, கீழே இருப்பது காபன் ஸ்டீலாகவும் இருக்கலாம். பைமெற்றல்தானா என்று பார்க்க பல் ஓரத்துப் பெயின்றைச் சுரண்டுங்கள். பல்லுக்குக் கீழே ஒட்டுக் கோடு ஒன்று நீளமாக ஓடினால் சரி.

விலையை ஒப்பிடும்போது பிளேட்டின் விலையைப் பிளேட்டின் எண்ணிக்கையால் பிரிக்காமல், வெட்டிய எண்ணிக்கையால் பிரியுங்கள். 2 அங்குலத்துக்கு 1 அங்குலச் சலாகையில், பல் மழுங்கும் வரை எத்தனை வெட்டு என்று ஒவ்வொரு வகையிலும் ஒரு பிளேட்டை எண்ணினாலே போதும்.

மழுங்கிய காபன் ஸ்டீலை எறியாதீர்கள். ஐந்து பிளேட்டை ஒன்றாக அடுக்கி, இரண்டு பலகைத் துண்டுக்கு நடுவே வைஸில் இறுக்குங்கள். கிரைண்டரில் 1 மில்லிமீற்றர் கட்டிங் டிஸ்க்கைப் போட்டு, 2 மில்லிமீற்றர் இடைவெளியில் 1 மில்லிமீற்றர் ஆழத்துக்குச் சாய்வாக வெட்டுங்கள். நாலு வெட்டுக்கு ஒருமுறை ஈரத்துணியால் ஒற்றி ஆற விடுங்கள், இல்லாவிட்டால் நீலம் பூக்கும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றுவிட்டு ஒரு பல்லைக் குறட்டால் மயிரளவு வளைக்க வேண்டும். வளைக்காத பிளேட் மரத்துக்குள் இறுகி நிற்கும். இப்படி இரண்டு மூன்று முறை செய்யலாம். அதற்குமேல் பிளேட் குட்டையாகி, நிலைக்காலின் மறுபக்கம் எட்டாது. பைமெற்றலில் இது பலிக்காது. கடினப் பட்டை போனபின் மிஞ்சுவது மென்மையான முதுகுதான். அதன் ஓரத்தைத் தட்டையாகத் தீட்டினால் பழைய சிலிக்கனும் காய்ந்த பசையும் சுரண்ட உதவும்.